பழம்புளியும் கருப்பட்டியும்

என் மனைவி புதன்கிழமை காலை சுவருக்குள் போனாள். எந்த நிறத்துக்குள் போனாள் என்று நான் பார்க்கவில்லை.

அவள் மேல் தவறு இல்லை. வண்ணத்தை வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போய் நின்று பார்க்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ஒரு பச்சைக்குள் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே காற்று வரவில்லையாம்.

நாங்கள் ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கருத்த நிறம் அடிப்பதாக இருந்தோம். மூன்று சுவர்களை வெள்ளையாக விட்டுவிட்டு ஒன்றை மட்டும் இருட்டாக்குவதுதான் இப்போது பாளையங்கோட்டை முழுக்க நடக்கிறது. பெயிண்டர் மாசானம் முந்தின நாளே பட்டி பார்த்து, தேய்த்து, சாம்பிளுக்கு இரண்டு கட்டங்கள் அடித்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நுழைகிற அளவு. இடது பக்கம் பழம்புளி. வலது பக்கம் கருப்பட்டி.

பழம்புளி என்பது பழுப்பு, அதில் சிவப்பு தூங்கிக்கொண்டிருக்கும். கருப்பட்டி என்பதும் பழுப்பு, அதில் கறுப்பு விழித்துக்கொண்டிருக்கும். கடையில் கொடுத்த அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. எனக்கு இரண்டும் காப்பி கொட்டின இடம் மாதிரி இருந்தன.

இத்தனைக்கும் நான் கூட்டுறவு வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிறவன். இரண்டு கையெழுத்துகளை அருகருகே வைத்தால் எது உண்மை, எது மைத்துனன் போட்டது என்று சொல்லிவிடுவேன். ஊரில் அதற்காக எனக்கு ஒரு மரியாதை உண்டு. வீட்டில் அந்த வேலையைச் செய்வதில்லை.

அன்று காலை அவள் இரண்டு கட்டங்களுக்கும் முன்னால் நின்று எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப்பாலம் ஒன்றைப் பற்றிய செய்தி. பாலம் அப்படியே இருப்பதாகப் போட்டிருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்ளா. உன் இஷ்டம்" என்றேன்.

அப்படியானால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் ம் என்றேன். செய்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஹாலில் யாரும் இல்லை. வீட்டுக்குள் போடுகிற செருப்பை இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் கழற்றி வைத்திருந்தாள். சரியான நடுவில்.

நான் கவலைப்படவில்லை. துணிக்கடைக்குப் போனாலும் அவள் சீக்கிரம் வரமாட்டாள். காப்பி இல்லாமல் இருந்தது மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாசானம் வந்தான். அவன் எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய வீட்டைப் பற்றி ஃபோனில் பேசிக்கொண்டே எங்கள் வீட்டில் வேலை செய்வான். அன்று ஃபோனை வைத்துவிட்டுக் கேட்டான்.

"மதினி எங்க அண்ணாச்சி?"

"உள்ள."

"எதுல?"

"தெரியலை."

அவன் ஆச்சரியப்படவில்லை. இரண்டு கட்டங்களையும் பார்த்தான். ப்ரைமர் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க ஆரம்பித்தான். விளக்கு வைப்பதற்குள் ஒன்றை மூடியாக வேண்டும் என்றான். இரண்டும் திறந்து கிடந்தால் சுவர் தாங்காதாம். பார்த்தேன். சுவர் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்குவது போல்தான் இருந்தது.

"மூடுற கட்டத்துக்குள்ள ஆள் இருந்தா?" என்று கேட்டேன்.

"இருப்பாங்க."

"எங்க இருப்பாங்க?"

"ப்ரைமருக்குப் பின்னால இருப்பாங்க அண்ணாச்சி."

தென்காசியில் இருப்பாங்க என்று சொல்வது மாதிரி சொன்னான். அப்போதுதான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

நான் சுவரின் முன்னால் போய் நின்றேன். என் மனைவியின் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி நான் அவளை அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைக் கூப்பிட 'ஏளா' போதும். புருஷனைக் கூப்பிட 'என்னங்க' போதும். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டியும் கொடுத்துவிட்டோம். இடையில் பெயருக்கு அவசியம் வரவில்லை.

"ஏளா" என்றேன்.

"என்னங்க" என்றது பழம்புளி.

"என்னங்க" என்றது கருப்பட்டி.

இரண்டும் அவள் குரல்தான். ஒன்று மற்றொன்றின் எதிரொலி இல்லை. எதிரொலி என்றால் பின்னால் வரும். இவை சேர்ந்தே வந்தன.

எதில் இருக்கிறாய் என்று கேட்டேன். இதில்தான் என்றன. இதில் என்றால் எதில் என்றேன்.

"உங்களுக்குத் தெரியலையா?" என்று இரண்டு பக்கமும் கேட்டாள்.

மாசானம் தரையில் செய்தித்தாளை விரித்தான். பாலம் இருந்த பக்கம் மேலே வந்தது.

நான் வங்கி முறையில் போனேன். ஒரு கேள்வி கேட்டு, இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. என் காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை என்றேன். அரைக் கரண்டி என்றன இரண்டும். எனக்கு எந்தத் தோள் வலிக்கும்? இடது. எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது? வெள்ளை. என் சித்தப்பா யாரோடு பேசுவதில்லை? உங்களோடு. எல்லாம் சரி. இரண்டும் சரி.

என்னைப் பற்றிக் கேட்டால் இரண்டுக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. ஆகவே அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் சரிபார்க்கிறவனிடம் மாதிரிக் கையெழுத்து ஒன்று இருக்க வேண்டும். பதில் எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றைத் தேடினேன். அவளுக்கு எந்த ஊர் பிடிக்கும்? எதைக் கண்டால் சிரிப்பு வரும்? காலையில் எழுந்ததும் முதலில் என்ன நினைப்பாள்? என்னிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கடைக்குப் போய்வருகிறேன் என்று மாசானத்திடம் சொன்னேன். வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது கடைக்காரருக்குத்தானே தெரியும்.

எங்கள் மாடிப்படியின் கைப்பிடி முன்பு பிரம்மநாயகம் சாராக இருந்தது. மேல்மாடியில் குடியிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஏதாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டம்மாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறாள். நான் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"என்ன வே, கை வேர்க்குது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தன் வீட்டில் எல்லாம் வெள்ளைதான், அதனால் தனக்கு இந்தச் சிக்கலில் அனுபவம் போதாது என்றார். கடைசிப் படி வரைக்கும் கூட வந்தார்.

பெயிண்ட் கடை தெற்கு பஜாரில் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கச் சின்னக் கடை. உள்ளே நுழைந்தால் கல்லா கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. நடந்தேன். கல்லாவும் நடந்தது. இரண்டு பக்கமும் அலமாரிகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் வெள்ளைகள், பிறகு தந்தங்கள், பிறகு சந்தனங்கள். மனிதர்கள் முகம் மறைகிற அளவுக்கு நிறம் கருத்துக்கொண்டே போன இடத்தில், கவிழ்த்துப் போட்ட வாளிகளின் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் இரண்டிரண்டு அட்டைகள்.

எனக்கு ஒருவர் வாளி நகர்த்திப் போட்டார். மெலிந்த மனிதர். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார்.

"பரமார்த்தலிங்கம். சந்தனமும் தாழம்பூவும்" என்றார்.

அங்கே அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள் போலிருந்தது.

"ஆவுடைநாயகம். பழம்புளியும் கருப்பட்டியும்" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கருத்த நிறம் கஷ்டம் என்று ஒருவர் சொன்னார். அதிலும் சூடான கருத்த நிறம் ரொம்பக் கஷ்டம் என்றார் இன்னொருவர். கடைக்காரர் எப்போது வருவார் என்று கேட்டேன். அவர் தனக்குக் கல்லாவில்தான் இருக்கிறார், நமக்குத்தான் தூரமாக இருக்கிறார் என்று விளக்கினார்கள்.

பரமார்த்தலிங்கம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டவர். சந்தனத்தை எடுத்துத் தாழம்பூவை மூடிவிட்டார். பிறகு ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அட்டைகளைத் தொடைமேல் வைத்து ஓரங்களைச் சரிசெய்தார்.

"சந்தனத்துலேருந்து வந்தவ நல்லவதான்" என்றார். "ரசம் அதே ரசம். கோபம் அதே கோபம். என்னங்கன்னுதான் கூப்பிடுதா. ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்ப சரியாத்தானே எடுத்திருக்கீங்க?"

"எடுத்திருக்கலாம்."

"பின்ன என்ன?"

"தப்பா எடுத்திருந்தாலும் எனக்குத் தெரியாது. அதைத்தான் கேக்கலாம்னு வந்தேன்."

கல்லா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. வெளியே வெயில் சாய்ந்துவிட்டது என்று வாசலருகே யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்தேன். என் வாளியில் உடனே வேறொருவர் உட்கார்ந்தார். பரமார்த்தலிங்கம் என் கையைப் பிடித்து, முடிந்தால் இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு மூடுங்கள் என்றார். போகிறபோது நீண்டிருந்த கடை திரும்பி வருகிறபோது நாலு எட்டுதான் இருந்தது.

பிரம்மநாயகம் சாரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். என் கை அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

வீட்டில் சுவர் நன்றாகவே புடைத்திருந்தது. மாசானம் ரோலரை ப்ரைமரில் தோய்த்து, வடியவிட்டு, தயாராக நின்றிருந்தான். எதை அண்ணாச்சி என்று கேட்டான். நான் இரண்டு கட்டங்களின் மேலும் ஒவ்வொரு கையை வைத்தேன். இரண்டும் சூடாக இருந்தன. ஆள் எழுந்துபோன பாயில் இருக்கிற சூடு.

நானே உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன். கூடாது என்றான். வெளியே வீட்டு ஆள் ஒருத்தர் நிற்காவிட்டால் அது வீட்டுச் சுவராக இருக்காது, வெறும் சுவராகிவிடும் என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அடுத்த வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். மாசானம் கௌரவமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குழல்வாய்மொழி" என்றேன்.

சரியாக வரவில்லை. கொளல்வாமொளி என்பது போல் ஏதோ வந்தது. இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்த பெயர், என் நாக்குக்குப் பழக்கம் இல்லை.

முதன்முறையாகச் சுவரின் இரண்டு பக்கமும் வெவ்வேறாகப் பேசின.

"யாரு?" என்றது பழம்புளி.

"என்னங்க, உடம்புக்கு என்ன செய்யுது?" என்றது கருப்பட்டி.

எனக்கு அப்படியே உயிர் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான். மற்றவள் யாரு என்று கேட்கிறாள். என் குரல் கூடத் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன வித்தியாசம் வேண்டும்? வங்கியில் இதைவிடக் குறைவான ஆதாரத்துக்கெல்லாம் காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"கருப்பட்டி" என்றேன். "மற்றதை மூடிரு."

மாசானம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ரோலர் மேலிருந்து கீழே ஒருமுறை வந்தது. பிறகு கீழிருந்து மேலே. பழம்புளி ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு கையகலம் மிச்சமிருந்தபோது அதற்குள்ளிருந்து இன்னொரு முறை கேட்டது.

"யாரு?"

ரோலர் அதன் மேலும் போயிற்று. சுவர் உள்வாங்கிச் சமமானது.

கருப்பட்டியிலிருந்து என் மனைவி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே புழுக்கமாக இருந்ததாம், ஆனால் நிறம் நன்றாக இருக்கிறதாம், இதையே அடித்துவிடலாமாம். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு காப்பி போட அடுக்களைக்குப் போனாள். நடை அவள் நடைதான். பாத்திரம் வைக்கிற சத்தம் அவள் வைக்கிற சத்தம்தான். நான் சந்தோஷமாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அந்த 'யாரு'வை நான் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு நிச்சயமான பிறகு ஒருநாள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணப்பெண் பெயரில் எது 'ழ', எது 'ள' என்று அச்சகத்துக்காரருக்குச் சந்தேகம். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு குரல், யாரு என்று கேட்டது. பயம் இல்லாத குரல். யாராக இருந்தாலும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கப்போகிறது என்று நம்புகிற குரல். கதவு திறப்பதற்குள் எனக்கு அந்தக் குரலை ரொம்பப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் அந்தச் சாயங்காலம் வரை கவனிக்கவில்லை.

எழுந்து போனேன். ப்ரைமர் இன்னும் ஈரமாக இருந்தது. மாசானம் தூரிகைகளைக் கழுவப் பின்பக்கம் போயிருந்தான். நான் விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். சத்தம் கதவின் சத்தமாக இருந்தது.

"யாரு?" என்று கேட்டாள், வெகு உள்ளேயிருந்து.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்னா?"

என் பெயரைச் சொன்னேன். ஆவுடைநாயகம் என்று மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். என் மனைவி வாயால் அந்தப் பெயர் வந்து நானும் கேட்டதில்லை. உள்ளே அவள் யோசிப்பது தெரிந்தது. நன்றாகவே யோசித்தாள். அக்கறையாக யோசித்தாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றாள். "வேற வீடா இருக்கும், பாருங்க."

மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். பரவாயில்லை என்றாள். என் விரல் முட்டியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என்னங்க, யாரு வந்திருக்கா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்க" என்றேன்.

"அதுக்கென்ன, காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

தம்ளரைக் கொண்டுவந்து நாற்காலி பக்கத்தில் வைத்தாள். நான் உட்கார்ந்து குடித்தேன்.